பட்டாள லாரியின் ஐந்தாவது ஓட்டை

போன இடவப்பாதி மழையில் என் காருக்குள் குளம் கட்டிவிட்டது. கதவைத் திறந்து காலை வைத்தேன், செருப்பு மிதந்தது. இப்படிப்பட்ட நேரங்களில் நான் மிகவும் நிதானமானவன். தெருவில் நின்று மனைவியின் பெயரைச் சொல்லி மூன்று முறை அலறினேன். இன்ஷூரன்ஸ்காரருக்குப் போன் போட்டேன். அது பல் டாக்டருக்குப் போய்விட்டது. அவரிடமே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். கார் இனி பிழைக்காது என்று முடிவு செய்து, அதை வாங்கிய நாளில் எடுத்த போட்டோவை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் போனில் அழுது வரவழைத்த ஒர்க்ஷாப் பையன் அமரவிளையிலிருந்து வந்தான்.

அவன் கால்மிதியைத் தூக்கினான். குனிந்து ஒரு கம்பியை அடியில் விட்டுக் கிண்டினான். மாவிலைச் சருகும் மண்ணும் சேர்ந்த ஒரு உருண்டை பொத்தென்று கீழே விழுந்தது. தண்ணீர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு இறங்கிப் போனது.

"ஓட்டை அடஞ்சதாக்கும் சேட்டா. வேற ஒண்ணும் இல்ல. இதுக்கா போன்ல கரஞ்சிய?"

அந்த உருண்டையைக் கையில் எடுத்தேன். ஈரமாக, கறுப்பாக, விரல் அழுத்தினால் அமுங்கியது. மழை மறுபடியும் தூறத் தொடங்கியது. அந்தப் பையன் நின்ற இடமும் காரும் தெருவும் மெல்லக் கரைந்து, எனக்கு ஒன்பது வயதானது.

அந்த வயதில் ஒரு மழைக்காலம் முழுக்க மழை மட்டும்தான் பெய்தது என்று நினைவு. மற்ற எதுவும் நடக்கவில்லை. ரப்பர் மரங்களுக்கு நடுவே பகலிலும் ஒரு பச்சை இருட்டு நிற்கும். அதற்குள்ளிருந்துதான் ஒரு நாள் அந்தப் பட்டாள லாரி வந்தது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே நெடுஞ்சாலையில் வரிசையாகப் பத்திருபது வண்டிகள் போயின. கடைசி வண்டி மட்டும் ஒரு முனகலோடு நின்றுவிட்டது. கியர்பாக்ஸ் உடைந்துவிட்டதாம். ஊர் ஆண்களெல்லாம் சேர்ந்து அதை சர்ச்சு மைதானத்துப் புளியமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டுவந்தார்கள். புது கியர்பாக்ஸ் எங்கோ தூரத்திலிருந்து வர வேண்டும். அதுவரை காவலுக்கு டிரைவர் ஒருவரை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்கள் போய்விட்டார்கள்.

அவர் வடக்கே எங்கோ இருந்து வந்தவர். மெலிந்த ஆள், பெரிய மீசை, வலது மணிக்கட்டில் கட்டு. கியரோடு மல்லுக்கு நின்றதில் சுளுக்கிவிட்டதாம். அவருக்கு இந்தி மட்டும்தான் தெரியும். கேரள எல்லைக்குள் இருந்த எங்கள் ஊரில் எல்லோருக்கும் தமிழும் மலையாளமும் தெரியும், இரண்டையும் கலந்து சண்டை போடவும் தெரியும். இந்தி தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அது என் மாமா.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அம்மாவின் அண்ணன். பட்டாளத்தில் வண்டி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றதாக அவர் சொன்னார். சமையல்காரராக இருந்ததாக ஊர் சொன்னது. ஆதாரம், அவர் லீவில் வந்தபோது ஒரு முறை கல்யாண வீட்டில் நூறு பேருக்கு அசராமல் சப்பாத்தி போட்டதுதான். அன்றிலிருந்து அவருக்கு 'குசினிப் பட்டாளம்' என்று பெயர் விழுந்தது. என் அப்பாவுக்கு இதில் தனி மகிழ்ச்சி உண்டு.

"அளியன் பட்டாளத்தில சுட்டது சப்பாத்தி மட்டுமாக்கும்," என்பார், மாமாவின் காதில் விழும்படி.

மாமா தன் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விடப் போய்விடுவார். அந்தச் சைக்கிளில் ஒரு பொட்டுத் துரு கிடையாது. வீட்டில் உள்ள வெட்டுகத்தி, மண்வெட்டி, கிணற்றுக் கப்பி எல்லாம் கிரீஸ் தடவி மினுங்கும். பழைய காக்கிச் சட்டையிலிருந்து நீளமாகத் துணி கிழித்து, கிரீஸில் முக்கி, கயிறு போல முறுக்கி, நுனியில் ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருப்பார். எங்கே தண்ணீர் புகுமோ அங்கே அதைத் திணிப்பார். எங்கள் வீட்டு ரேடியோவின் பின்பக்கத்தில்கூட அப்படி ஒன்று இருந்தது. அதனாலோ என்னவோ ரேடியோ எப்போதும் ஜலதோஷம் பிடித்தது போலத்தான் பாடும்.

லாரி வந்த அன்று மாலை மாமா காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போனார். டிரைவரிடம் ஏதோ சொன்னார். டிரைவர் முகம் விரிந்து பதிலுக்கு நீளமாக ஏதோ சொன்னார். சுற்றி நின்ற ஊரே வாயைப் பிளந்து நின்றது. மாமா திரும்பி, மிகச் சாதாரணமாக, "பாயிக்குக் கொஞ்சம் சுடுவெள்ளம் வேணுமாம்," என்றார். வெந்நீருக்கு நாலு பேர் ஓடினார்கள். மாமா சொல்லி ஊரில் நாலு பேர் ஓடுவதை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன்.

அதற்குப் பின் வந்த நாட்களை நினைத்தால் இன்றும் ஒரு கனவின் உள்ளே நடப்பது போல இருக்கிறது. மழைக்குள் அந்த லாரி படுத்திருக்கும் யானை போலக் கிடக்கும். மாமாவும் டிரைவரும் அதைச் சுற்றி நாள் முழுக்க ஏதாவது செய்துகொண்டிருப்பார்கள். தார்ப்பாயில் குழி விழுந்து தண்ணீர் தேங்காதபடி இழுத்துக் கட்டுவார்கள். புகைக்குழாய் வாயில் தகர டப்பாவைக் கவிழ்ப்பார்கள். பெயின்ட் உரிந்த இடத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்துச் துருப்பிடிக்காமல் சிவப்புப் பூச்சு அடிப்பார்கள். டிரைவருக்குக் கை சுளுக்கு, அதனால் வண்டியின் அடிப்பக்கம் மாமாவின் பொறுப்பு. காலையில் சாக்கை விரித்து அடியில் நுழைந்தால் கால் இரண்டு மட்டும் வெளியே தெரியும். அந்தக் கால்களைப் பார்த்தே அவர் சந்தோஷமாக இருக்கிறார் என்று சொல்லிவிடலாம்.

டீக்கடைக்காரர் அவரை 'குசினி' என்பதை நிறுத்திவிட்டார். 'மெக்கானிக் அண்ணாச்சி' ஆனார். அப்பாகூட இரண்டு நாள் சப்பாத்தியைப் பற்றிப் பேசவில்லை.

டிரைவர் மத்தியானம் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவார். மரச்சீனிக் கிழங்கையும் மீன்குழம்பையும் முதல் நாள் சந்தேகத்தோடு பார்த்தவர் மூன்றாம் நாள் இரண்டாம் முறை கேட்டார். ஒரு நாள் சட்டைப் பையிலிருந்து கடிதம் ஒன்றை எடுத்து, அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசினார். மாமா கேட்டுக்கொண்டே இருந்து, பிறகு எங்களுக்குச் சொன்னார். அவருக்குப் பெண் குழந்தை பிறந்து எட்டு மாதம். இன்னும் பார்க்கவில்லை. வியாழக்கிழமை ஆபீசர் கியர்பாக்ஸோடு வருகிறார். அடியிலிருந்து மேல்வரை சோதிப்பார். வண்டியைத் துருவும் ஈரமும் இல்லாமல் ஒப்படைத்தால் டிரைவர் வெள்ளிக்கிழமை ரயில் ஏறலாம். ஏதாவது கெட்டிருந்தால் லீவு போயிற்று.

அம்மா அவர் இலையில் இன்னொரு மீன் துண்டை வைத்தாள். நான் மனதுக்குள், இந்த வண்டியை நான் காப்பாற்றுவேன் என்று சபதம் எடுத்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை என்பதை இங்கே குறிப்பிட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மழை விட்ட நேரத்தில் நான் லாரிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். சொட்டு, சொட்டு, சொட்டு. டிரைவர் உட்காரும் இடத்துக்கு நேர் கீழே நாலு ஓட்டைகள். நாலிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பட்டாள வண்டி ஒழுகுகிறது. இது யாருக்கும் தெரியவில்லை. நாடே ஆபத்தில் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் ஒழுகும் எதற்கும் ஒரே மருந்துதான். ரப்பர் பால் வடிந்தபின் சிரட்டையிலும் மரத்தின் வெட்டிலும் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பால். வாளி ஒழுகினால் ஒட்டுப்பால், கூரை ஒழுகினால் ஒட்டுப்பால். எங்கள் வீட்டுப் பித்தளைக் குடத்துக்கு அடியில் ஒட்டுப்பால் அடைத்து மூன்று வருஷம் தண்ணீர் எடுத்தோம். நான் தோட்டத்துக்கு ஓடி ஒரு கை ஒட்டுப்பால் பிய்த்து வந்தேன். டிரைவர் அந்தப் பக்கம் ஸ்டவ் பற்றவைத்துக்கொண்டிருந்தார். நான் அடியில் நுழைந்து நாலு ஓட்டைகளையும் கட்டை விரலால் அழுத்தி அழுத்தி அடைத்தேன். சொட்டுவது நின்றது. உலகமே மௌனமானது. அன்று சாப்பிடும்போது, எனக்கு மெடல் கொடுப்பதற்காக ஜனாதிபதி எங்கள் ஊருக்கு எந்த பஸ்ஸில் வருவார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

விடியும்வரை நல்ல மழை.

புதன்கிழமை காலை மைதானத்தில் வழக்கம்போலக் கூட்டம். மாமா அன்று சாக்கை விரிக்கவில்லை. முட்டு வலி என்று சொல்லி நின்றுகொண்டே இருந்தார். டீக்கடைக்காரர்தான் கேட்டார்.

"அண்ணாச்சி, வண்டிக்கு அடியில ஓட்டையெல்லாம் கிடக்கே. அதுவழி வெள்ளம் கேறாதா?"

மாமா சிரித்தார். "கேறதுக்கு இல்ல மக்கா, இறங்கதுக்காக்கும் ஓட்டை. மழை எப்படியானாலும் உள்ள வரும். வந்த வெள்ளம் போவதுக்கு வழி வேணும். பட்டாளத்தில இந்த ஓட்டைக்கு மூடி உண்டு. ஆத்தில இறங்கும்போ போடணும், கரை ஏறினா உடனே எடுக்கணும். எடுக்க மறந்தா தீந்துது. வெள்ளம் உள்ள நின்னு, இரும்பு அலுவா மாதிரி ஆயிடும்."

"ஒரு நாள் நின்னா?" என்றார் டீக்கடைக்காரர்.

"ஒரு நாளும் சரி, ஒரு மணிக்கூறும் சரி." மாமா லாரியின் பக்கவாட்டில் தொங்கிய இரும்புப் பெட்டியைத் தட்டினார். "இது பேட்டரிப் பெட்டி. மூடியில ரப்பர் போயி, மழை கொஞ்சம் உள்ள போவுது. இதுக்க அடியில ஒரு ஓட்டை உண்டு. அது அடஞ்சா பேட்டரி முங்கிடும். பின்ன எந்த கியர்பாக்ஸ் வந்தாலும் வண்டி அனங்காது. இன்னும் பத்து நாள் இஞ்சதான்." அதைச் சொல்லிவிட்டுச் சற்று நேரம் பெட்டியின் மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றார். "வேணும்ன்னு அடச்சா அது அட்டிமறியாக்கும். நாசவேலை. ஜெயிலு."

என் கால்கள் என்னைக் கேட்காமலே நடக்கத் தொடங்கின.

ஜெயில் என்றதும் எனக்கு வந்த முதல் யோசனை போலீஸ் நாய். நாய் வந்தால் நேராக என் கட்டை விரலைத்தான் முகரும். மண்ணெண்ணெயில் கையைக் கழுவினேன், சாம்பலில் தேய்த்தேன், எலுமிச்சை இலையைக் கசக்கிப் பூசினேன். கடைசியில் என் கை, நாய் இல்லாமல் மனிதனே கண்டுபிடிக்கும் அளவுக்கு மணத்தது. இரண்டாவது யோசனை, தமிழ்நாடு.

எல்லை எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேர நடை. கேரளப் போலீஸ் எல்லைக்கோட்டில் பிரேக் போட்டு நின்றுவிடும் என்பது எங்கள் வகுப்பில் எல்லோரும் ஒப்புக்கொண்ட சட்டம். ஒரு துண்டு, ஒரு நோட்டுப்புத்தகம், ஒரு பல்பொடிப் பொட்டலம் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தலைமறைவு வாழ்க்கையில் பல் விளக்குவதை விடக் கூடாது என்று நினைத்தேன் போலிருக்கிறது.

அந்த நடை எனக்கு இன்றும் மறக்கவில்லை. சாலையில் ஆளே இல்லை. இருபுறமும் மரவள்ளித் தோட்டங்கள் மழைக்குள் நின்றபடியே தூங்கின. எல்லையைத் தாண்டிய அடுத்த அடியில் மழை நின்றுவிட்டது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பக்கம் பெய்துகொண்டிருந்தது, இந்தப் பக்கம் மஞ்சள் வெயில். அப்படி நடந்திருக்க முடியாது. ஆனால் என் நினைவு அதை விட்டுக்கொடுப்பதில்லை.

களியக்காவிளையில் முதல் டீக்கடையில் நேந்திரம்பழத்தை மாவில் முக்கி ஏத்தக்கா அப்பம் பொரித்துக்கொண்டிருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எலே, யாருக்க மோன் நீ? நனைஞ்ச கோழி மாதிரி எங்க போற?"

"தமிழ்நாட்டுக்கு."

"தமிழ்நாட்டிலதான் நிக்குற. இனி எங்க போவ?"

இதற்கு மேல் நான் திட்டமிட்டிருக்கவில்லை. சற்று நின்று, குரலைத் தாழ்த்தி, சட்டரீதியான சந்தேகத்தைக் கேட்டேன். கேரளத்துப் பட்டாளம் இங்கே வர முடியுமா?

"பட்டாளத்துக்கு என்ன கேரளம், தமிழ்நாடு? காஷ்மீர் வரை அவியளுக்க இடமாக்கும். ஏன், பிடிக்க வாறானுவளா?" அவர் சிரித்துக்கொண்டே ஒரு அப்பத்தை இலைத்துண்டில் வைத்து நீட்டினார். "தின்னு. தின்னுட்டு வீட்டுக்குப் போ மக்கா. அம்மை தேடும்."

காஷ்மீர் வரை. அப்பத்தைத் தின்றுகொண்டே அழுதேன். நல்ல அப்பம், அதையும் சொல்ல வேண்டும். அழுகையின் நடுவே எனக்கு அந்தக் கடிதம் நினைவுக்கு வந்தது. எட்டு மாதக் குழந்தை. அது எப்படி இருக்கும் என்று தெரியாமல், என் மனதில் அதற்கும் பெரிய மீசை இருந்தது. திரும்பி ஓடினேன்.

மைதானத்துக்கு வந்தபோது மத்தியானம். டிரைவரும் மாமாவும் எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். மைதானத்தில் மழையும் லாரியும் மட்டும். அடியில் நுழைந்து மல்லாந்து படுத்தேன். மேலே தார்ப்பாயில் மழை விழும் சத்தம் எங்கோ தூரத்து ஊரில் கேட்பது போலக் கேட்டது. முதல் ஒட்டுப்பாலைப் பிடுங்கினேன். பழுப்புத் தண்ணீர் முகத்தில் கொட்டியது. இரண்டு. மூன்று. நாலு. ஒவ்வொரு முறையும் வாயை மூட வேண்டும் என்று தெரிந்தும் மறந்தேன். இரும்பின் சுவை இப்போதும் நாக்கில் இருக்கிறது.

வெளியே வரப் புரண்டபோது பேட்டரிப் பெட்டியின் அடி என் மூக்குக்கு மேலே வந்தது. மாமா சொன்ன ஓட்டை அங்கே இருந்தது. அதுவும் அடைந்திருந்தது.

இதை எப்போது அடைத்தேன் என்று எனக்கு நினைவில்லை. ஆனால் நான்தான் குற்றவாளி என்பதால் இதுவும் நான்தான் என்று உடனே ஒப்புக்கொண்டேன். பிடித்து இழுத்தேன், வரவில்லை. மிக அழகாக அடைத்திருந்தது. பல்லால் கடித்து இழுத்ததும் நீளமாக, முறுக்காக, கிரீஸ் சொட்டச் சொட்ட வந்தது. நுனியில் ஒரு முடிச்சு. அதன் பின்னாலேயே ஒரு வாளித் தண்ணீர் என் மேல் இறங்கியது. ஐந்தையும் அள்ளிக்கொண்டு போய் வாழை மூட்டில் புதைத்துவிட்டு, கிணற்றடியில் உடம்பைத் தேய்த்துக் கழுவினேன்.

வியாழக்கிழமை காலை, ஆபீசர் வருவதற்கு முன்பே நான் மைதானத்தில் இருந்தேன். மாமா எனக்கும் முன்பே வந்திருந்தார். கண்கள் சிவந்து, தூங்காத முகம். டிரைவர் புளியமரத்தில் கண்ணாடியை மாட்டிச் சவரம் செய்துகொண்டிருந்தார், ஊருக்குப் போகிற ஆள் போலப் பாடிக்கொண்டு. மாமா சுற்றிலும் பார்த்துவிட்டு, பேட்டரிப் பெட்டியின் அருகே குந்தி உட்கார்ந்து, அடியில் கையை விட்டார். விட்ட கை அங்கேயே நின்றது. வெகுநேரம் தடவினார். பிறகு கையை வெளியே எடுத்து, வெறும் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

தலையைத் தூக்கியபோது எதிரே நான் நின்றேன்.

"எலே, இதுக்கு அடியில நீ கேறினியா?"

"இல்ல மாமா."

"எதாவது எடுத்தியா?"

"இல்ல."

என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது. அவர் என்னைக் கிட்டே இழுத்தார். அடி விழும் என்று கண்ணை மூடினேன். இடுப்பிலிருந்து ஒரு துணியை எடுத்து என் காதின் பின்பக்கம் மெல்லத் துடைத்தார். துடைத்ததை என்னிடம் காட்டினார். கிரீஸ். எவ்வளவு கழுவியும் காதுக்குப் பின்னால் மிஞ்சியிருந்தது. நான் அழத் தயாரானேன். அவர் என் தலையில் கையை வைத்து, வைத்தபடியே இருந்தார்.

ஆபீசர் வந்தார். அடியில் டார்ச் அடித்தார், பெட்டியைத் திறந்தார், விரலால் தடவிப் பார்த்தார், தலையை ஆட்டினார். சாயங்காலத்துக்குள் கியர்பாக்ஸ் மாட்டி லாரி உறுமியது. டிரைவர் மாமாவைக் கட்டிப்பிடித்துவிட்டு, பின்னால் நகர்ந்து விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். மாமா பதில் சல்யூட் அடித்தார், ஆனால் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. லாரி மழைக்குள் போனது. புளியமரத்தடியில் மழை படாத நீளமான ஒரு செவ்வகம் மட்டும் கொஞ்ச நேரம் உலர்ந்து கிடந்தது. பிறகு அதுவும் நனைந்தது.

அடுத்த வாரமே டீக்கடையில் அவர் மறுபடியும் குசினி ஆனார். அப்பா சப்பாத்தியை ஆரம்பித்தார். மாமா சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விடப் போனார். காக்கிச் சட்டையைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டிருந்தார்கள். அதன் அடியோரம் ஒரு சாண் அகலத்துக்குப் புதிதாகக் கிழிந்திருந்தது.

நான் அதன் கீழே நின்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். அடைத்தது நாலு. எடுத்தது ஐந்து. எத்தனை முறை எண்ணினாலும் அப்படித்தான் வந்தது. கணக்கு உன் மண்டையில் ஏறாது என்று வாத்தியார் சொல்லியிருந்தார். அவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் என்று அன்று எனக்கு உறுதியானது.